எஸ்பிளனேடு: பெயரில் மட்டும் மிஞ்சிய வெட்டவெளி

பாரிமுனையில் பஸ்ஸை விட்டு இறங்கி ஐகோர்ட் பக்கம் போகிறவர்கள் 'எஸ்பிளனேடு' என்ற பெயரைக் காவல் நிலையப் பலகையில் பார்த்திருப்பார்கள். என்.எஸ்.சி. போஸ் சாலையின் பழைய பெயர்களில் ஒன்றும் எஸ்பிளனேடு ரோடுதான். ஜெராக்ஸ் கடையும் தள்ளுவண்டியும் கறுப்புக் கோட்டுமாக நெருக்கியடிக்கும் இந்த இடத்துக்கு வெறும் நிலம் என்று பெயர்!

மேடு பள்ளத்தை நிரவுவது என்ற பொருளுள்ள லத்தீன் வினையிலிருந்து கிளம்பி, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல் இது. 'எக்ஸ்பிளைன்' என்பதற்கும் அதே வேர்தான். இன்று ஆங்கிலத்தில் கடலோர நடைபாதையைச் சொன்னாலும், ஆதியில் கோட்டை மதிலுக்கும் ஊருக்கும் நடுவே காலியாக விட்ட நிலத்தைத்தான் குறித்தது. பீரங்கி சுட வழி வேண்டும், எதிரி ஒளிய ஒரு சுவரும் இருக்கக் கூடாது.

சென்னையில் அந்த நிலம் தானாகக் காலியாக இருக்கவில்லை. இன்றைய ஐகோர்ட் வளாகத்தில்தான், கோட்டைக்கு வெளியே இந்தியர்கள் வாழ்ந்த பழைய கருப்பர் நகரம் இருந்தது. 1746-இல் ஆங்கிலேயர்களின் புனித ஜார்ஜ் கோட்டையைப் பிடித்த பிரெஞ்சுக்காரர்கள் மதிலை ஒட்டிய வீடுகளை இடித்தார்கள். கோட்டை திரும்பக் கிடைத்த பிறகு மிச்சத்தை ஆங்கிலேயர்கள் இடித்தார்கள். அங்கிருந்த சென்னகேசவப் பெருமாள் கோயிலும் போயிற்று. ஈடாகக் கிடைத்த நிலத்தில் எழுந்ததுதான் பூக்கடைப் பக்கத்துப் பட்டணம் கோயில். 1758-59 முற்றுகையில் ஆங்கிலேயர்களின் கல்லறைகளே பிரெஞ்சுப் படைக்கு மறைவிடம் ஆகிவிட, பிறகு அவற்றையும் பெயர்த்துக் கல்வெட்டுகளைக் கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி ஆலய முற்றத்துக்குக் கொண்டுபோனார்கள். தப்பித்தவற்றில் ஒன்று, ஆளுநர் எலிஹு யேலின் மகன் புதைக்கப்பட்ட கூர்நுனிக் கோபுரம்.

1773-இல் எல்லை காட்ட ஆறு தூண்கள் நட்டார்கள். அதைத் தாண்டிக் கோட்டைப் பக்கம் யாரும் கட்டடம் எழுப்பக் கூடாது. பாரி கம்பெனியின் டேர் ஹவுஸில் நிற்கும் ஒன்றுதான் மிச்சம். அப்புறம் பீரங்கிப் பயம் தெளிந்தது, 1892-இல் செங்கல் சிவப்பில் ஐகோர்ட்டே அந்த வெளியில் எழுந்தது.

சரி, தமிழில் என்ன சொல்வது? மைதானம் என்றால் கிரிக்கெட் ஞாபகம் வரும், உலாவிடம் என்றால் கடற்கரை. 'மணிநீரும் மண்ணும் மலையும் அணிநிழற் காடும் உடைய தரண்' என்ற குறளில் வரும் மண்ணுக்குப் பரிமேலழகர் 'வெள்ளிடை நிலம்' என்று உரை சொல்கிறார். அரணின் உறுப்பாகவே அந்த வெற்று நிலத்தை நம்மவர்கள் எண்ணியிருக்கிறார்கள். 'வெள்ளிடைமலை' என்று இன்றும் எழுதுகிறோமே, அதே வெள்ளிடைதான். வரலாறு எழுதும்போது 'கோட்டை வெள்ளிடை' என்று எழுதலாம் என்பது என் கட்சி. காவல் நிலையத்துக்கு அது ஊர்ப்பெயராகவே ஊறிவிட்டது, எஸ்பிளனேடு என்றே இருக்கட்டும்.