ஐடெம்பொடென்டுக்குள் ‘ஆற்றல்’ எப்படி நுழைந்தது?

‘இந்த ஸ்கிரிப்ட் சம ஆற்றல் கொண்டது.’ புதுக் கணினியில் மென்பொருள்களை நிறுவி, அமைப்புகளை மீட்டுத்தரும் ஸ்கிரிப்டுக்கான (வரிசையாக ஓடும் கட்டளைகளின் கோப்பு) தமிழ்க் குறிப்பில் இப்படி ஒரு வரி. எதற்குச் சமம்? யாருடைய ஆற்றல்? முதல் தடவை என்றால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன்.

மூலச்சொல் ஐடெம்பொடென்ட். லத்தீனில் ‘இடெம்’ என்றால் அதே. ‘பொடென்ஸ்’ என்றால் வல்ல. 1870-இல் அமெரிக்கக் கணித அறிஞர் பெஞ்சமின் பியர்ஸ் உருவாக்கிய சொல். இருபடியாக்கினாலும் மாறாமல் அதுவாகவே நிற்பது என்று பொருள். எண்களில் 0, 1 இரண்டும் அப்படி. ‘பொடென்ஸ்’ குறிக்கும் ‘பவர்’ இங்கே கணிதத்தின் அடுக்கு. அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்து ஒட்டினால் ஆற்றல்தான் வரும்.

வட்டு செத்துப்போய், புது இயந்திரத்தில் ஸ்கிரிப்டை ஓட்டுகிறீர்கள். பாதியில் இணையம் அறுந்துவிடுகிறது. சரி, முதலிலிருந்து ஓட்டலாம் என்றால், கோப்புறை உருவாக்கும் வரி ‘ஏற்கனவே இருக்கிறது’ என்று முரண்டு பிடிக்கிறது. அதுகூடப் பரவாயில்லை. டெர்மினலின் அமைப்புகள் இருக்கும் பாஷ்ஆர்சி கோப்பின் கடைசியில், நிரல்களை எங்கே தேடுவது என்று சொல்லும் பாத் வரியைச் சேர்க்கும் கட்டளை சத்தமே போடாமல் ஒவ்வொரு ஓட்டத்திலும் இன்னொரு வரி சேர்க்கும். என் கோப்பில் ஒரே வரி 7 முறை இருந்தது. நன்னூலின் பத்துக் குற்றங்களில் ஒன்றான ‘கூறியது கூறல்’, அச்சு அசலாக! வரி இருக்கிறதா என்று கிரெப் என்ற தேடல் கட்டளையால் பார்த்துவிட்டு, இல்லையென்றால் மட்டும் சேர்க்கும்படி எழுதினேன். எத்தனை முறை ஓட்டினாலும் இப்போது ஒரே வரிதான். ஐடெம்பொடென்ட் என்பது இதுதான்.

‘மாறாத்தன்மை’ என்கிறார்கள் சிலர். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது இம்யூட்டபிளுக்கு, அதாவது உருவாக்கியபின் மாற்றவே முடியாததற்கு, உரிய சொல். அதையும் இங்கே செலவழித்துவிட்டால் அதற்கு என்ன செய்வது? முதல் ஓட்டத்தில் கணினியையே புரட்டிப்போடும் ஸ்கிரிப்டை மாறாதது என்று எந்த வாயால் சொல்வது? ‘தன்னடுக்கு’ கணிதத்துக்குப் பொருந்தும். ஸ்கிரிப்ட் எழுதுகிறவர் எதை அடுக்குவது என்று கேட்பார்.

நான் எழுதுவது ‘மறுமுறை மாறா’. ‘ஓடாக் குதிரை’ போல ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். மறுமுறை மாறாக் கட்டளை, மறுமுறை மாறாமை என்று இயல்பாக வளைகிறது. நீளம் என்பவர்கள் ஐடெம்பொடென்ட் என்றே எழுதட்டும், தனித்தமிழ்க்காரர்கள் கோபித்தாலும் சரி. ‘சம ஆற்றல்’ எழுதியவர் மட்டும் அந்த ஸ்கிரிப்டை ஒரு தடவை ஓட்டிப் பார்த்திருக்கலாம். இல்லை, இரண்டு தடவை.