கக்கூஸுக்கு யார் உபயம்?

போன வாரம் கேமரன் மலையில் ரிங்லெட் பக்கத்து மலைக்கோயில் ஒன்றின் திருவிழாக் கூட்டத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். பங்குனி உத்திரம். இரண்டு இரவு மேலே முகாமில் தங்க 600 பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். கிள்ளான், ஈப்போ, ஜோகூரிலிருந்து பஸ் பஸ்ஸாக வருவார்கள். தலைவர் உபயப் பட்டியலை வாசித்தார். மூன்று வேளை அன்னதானத்துக்கும் ஆள் இருந்தது. பந்தலுக்கு, பூ அலங்காரத்துக்கு, உறுமி மேளத்துக்கு எல்லாம் போட்டி. "கழிப்பறைக்கு?" என்று கேட்டேன். தலைவர் சிரித்துவிட்டார். "அதுல எப்படிம்மா பேரு போடுறது?"

முப்பது வருஷம் சுகாதார இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். தோட்டத்து ஜனங்களுக்கு இன்னும் 'எல்த் அம்மா'தான். திருவிழா முகாம்களில் நான் பார்த்த கோளாறுகளில் பாதிக்கு மேல் தலைவரின் அந்தச் சிரிப்பில்தான் ஆரம்பிக்கின்றன.

பேரிடர் முகாம்களுக்கென்று ஸ்பியர் என்ற கையேடு ஒன்றை உலகமெங்கும் பின்பற்றுகிறார்கள். அவசர காலத்தின் முதல் நாட்களில் 50 பேருக்கு ஒரு கழிப்பறை, நிலைமை சீரானதும் 20 பேருக்கு ஒன்று என்பது அதன் கணக்கு. 600 பேருக்கு 12 இல்லாமல் முடியாது. நியாயமாகப் பார்த்தால் 30. இங்கே இருந்தது நாலு. ஆணுக்கு இரண்டு, பெண்ணுக்கு இரண்டு. கேட்பதற்குச் சமத்துவம்தான். ஆனால் அதே கையேடு ஆணுக்கு ஒன்று என்றால் பெண்ணுக்கு மூன்று கேட்கிறது. சேலையைத் தூக்கிச் சொருகி, கைப்பிள்ளையையும் பிடித்துக்கொண்டு, ஈரத் தரையில் பாவாடை படாமல் போய்வர எவ்வளவு நேரமாகும் என்று கமிட்டி ஆண்களுக்குத் தெரியாது. அவர்களுக்கு மரம் இருக்கிறது.

பெண்கள் இதற்குக் கண்டுபிடித்த வழிதான் ஆபத்தானது. தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார்கள்.

ஒரு வருஷம் வேறொரு மலைக்கோயிலில், அறுபது வயது தாண்டிய ஓர் அம்மா பால்குட வரிசையில் தள்ளாடினார். கண் மேலே போனது. "சாமி வந்திருச்சு" என்று வழிவிட்டு விபூதி பூசினார்கள். உறுமி அடிக்கிறவர்களும் கிட்டே வந்து அடித்தார்கள். எனக்கென்னவோ அவர் நாக்கைப் பார்த்ததும் சந்தேகம். காய்ந்து ஓடாக இருந்தது. நிழலில் படுக்க வைத்து, காலை உயர்த்தி, தெளிந்த பிறகு மெதுவாக விசாரித்தேன். "நேத்து சாயங்காலத்துலேருந்து தண்ணி குடிக்கலைம்மா. அந்த இருட்டுல கீழே எறங்கி யாரு போவா?" இனிப்பு நீர் உள்ளவர், ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை போடுகிறவர். விரதம் வேறு. சாமி வருவதைப் பற்றி நான் பேச வரவில்லை. வயதான பெண்கள் மயங்கினால் விபூதியோடு முதலுதவிக்காரரையும் கூப்பிடுங்கள்.

எண்ணிக்கை சரியாக இருந்தாலும் இடம் தப்பாகப் போவதுண்டு. தண்ணீர் எடுக்கும் இடத்திலிருந்து குறைந்தது 30 மீட்டர் தள்ளி, அதற்குக் கீழ்ச்சரிவில் இருக்க வேண்டும். தூங்கும் இடத்திலிருந்து 50 மீட்டருக்குள் இருந்தால்தான் இரவில் போவார்கள். விளக்கு வேண்டும், உள்பக்கம் தாழ்ப்பாள் வேண்டும், பெண்கள் பக்கத்தில் மூடி போட்ட குப்பைத் தொட்டி வேண்டும். வாடகைக் கழிப்பறை என்றால் அதை ஏற்றி வரும் லாரியும், பிறகு உறிஞ்ச வரும் லாரியும் தேயிலைத் தோட்டத்துப் பாதையில் திரும்புமா என்று முன்கூட்டியே பாருங்கள். வளைவில் லாரி சிக்கி, பத்துக் கழிப்பறையும் அடிவாரத்திலேயே நின்றுபோன திருவிழா ஒன்றை எனக்குத் தெரியும்.

அடுத்தது தண்ணீர். குடிக்க, சமைக்க, கழுவ ஆளுக்கு ஒரு நாளைக்கு 15 லிட்டர். 600 பேருக்கு 9,000. கடையில் விற்கும் 400 கேலன் தொட்டி ஏறக்குறைய 1,800 லிட்டர் பிடிக்கும். ஆக, தினமும் ஐந்து தொட்டி நிரம்ப வேண்டும். கோயிலில் இருப்பது இரண்டு. "ஆறு இருக்குல்லம்மா, கண்ணாடி மாதிரி ஓடுது" என்றார் பொருளாளர். கேமரன் மலை ஆற்றுக்கு மேல்பக்கம் என்ன இருக்கிறது என்று அவருக்கும் தெரியும்: காய்கறித் தோட்டம், கோழிச்சாணம், பூச்சிமருந்து. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், மருந்து போகாது. குழாய்த் தண்ணீரையோ லாரித் தண்ணீரையோ தொட்டியில் நிரப்பி, குளோரின் கலந்து, அரை மணி நேரம் கழித்து லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் மிச்சம் நிற்கிறதா என்று பாருங்கள். நீச்சல் குளத்துக்கு விற்கும் சோதனைப் பெட்டியே போதும்.

ஆற்றில் குளிப்பதை நான் தடுக்க முடியாது, தீர்த்தம் என்பார்கள். ஆனால் வெறுங்காலோடு நடந்து, காலில் கீறலோடு இறங்குகிறவர்களுக்கு எலிக்காய்ச்சல் பயம் உண்டு. எலி மூத்திரம் கலந்த தண்ணீரும் சேறும் புண் வழியாகக் கிருமியை உள்ளே விடும். 2010-ல் நம் பகாங் மாநிலத்திலேயே, மாரான் பக்கத்து லுபோக் யூவில், நீரில் மூழ்கிய ஒருவரைத் தேடப் போனவர்களில் எட்டுப் பேர் இறந்தார்கள். மெலியோய்டோசிஸ் என்ற மண்கிருமி நோய், சிலருக்கு எலிக்காய்ச்சலும் சேர்ந்து. அந்த வருஷக் கடைசியில்தான் எலிக்காய்ச்சல் அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயானது. காய்ச்சல் பெரும்பாலும் ஐந்து நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் வரும், ஒரு மாதம்கூட ஆகலாம். அதற்குள் பக்தர் ஜோகூர் போய்ச் சேர்ந்திருப்பார். கிளினிக்கில் டெங்கி என்றுதான் முதலில் நினைப்பார்கள். கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு இருந்தால், "கோயில் ஆத்துல குளிச்சேன் டாக்டர்" என்று நீங்களாகச் சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியம் உங்கள் சிறுநீரகத்தைக் காப்பாற்றலாம்.

படுக்கும் இடத்துக்கு வருவோம். ஆளுக்கு 3.5 சதுர மீட்டர் என்பது கணக்கு. நமக்குப் புரிகிற மாதிரி சொன்னால், ஒரு பூப்பந்துத் திடலில் 23 பேர். நாம் 80 பேரைப் படுக்க வைக்கிறோம். வரிசைக்கு நடுவே நடக்க வழி விட்டு, இரண்டு பக்கக் கதவையும் பூட்டாமல் வைத்தாலே தீ, நெரிசல் பயம் பாதி தீரும்.

கிள்ளான்காரர்களுக்கு ஆயிரம் மீட்டருக்கு மேலே ராத்திரி எப்படி இருக்கும் என்று தெரியாது. மெல்லிய மஞ்சள் வேட்டியோடு வந்து நடுங்குவார்கள். யாராவது ஒரு புண்ணியவான் கரி அடுப்பை மண்டபத்துக்குள் தூக்கி வந்து கதவைச் சாத்துவார். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ வாசனையோ கிடையாது. தலைவலி, வாந்தி என்று ஆரம்பிக்கும். தாப்பா சாலை வளைவில் வந்த பஸ் மயக்கம் என்றுதான் நினைப்போம். தூக்கத்திலேயே போய்விடுவார்கள். ஒரே மண்டபத்தில் பல பேருக்கு ஒன்றாகத் தலை வலித்தால் எல்லாரையும் வெளியே கொண்டு வாருங்கள், காரணத்தை அப்புறம் தேடலாம். ஜெனரேட்டரும் அப்படித்தான். மழைக்கு நனைகிறதே என்று கூரைக்கடியில் இழுத்து வைக்காதீர்கள். சன்னலிலிருந்து 20 அடியாவது தள்ளி இருக்கட்டும். போர்வை உபயம் செய்ய யாராவது முன்வந்தால் கரி அடுப்புக்கே வேலை இல்லை.

கூடாரத்தைச் சரிவின் அடியில் அடிக்க வேண்டாம் என்று சொன்னபோது ஓர் இளைஞர், "மழை இல்லாட்டி பரவாயில்லையா ஆன்ட்டி?" என்றார். சிலாங்கூர் பத்தாங் காலியில் 2022 டிசம்பர் 16 விடியற்காலையில் மண் சரிந்து முகாமில் தூங்கியவர்களில் 31 பேர் இறந்தார்கள். முந்தைய பல நாட்கள் பெய்து மண்ணில் ஊறிய மழையைத்தான் ஆய்வு காரணமாகச் சொன்னது. பங்குனி, சித்திரையில் இங்கே பிற்பகலானால் இடியோடு கொட்டும். ஊற்று திடீரென்று கலங்கினால், மரம் சாய்ந்தால், தரையில் புது வெடிப்புத் தெரிந்தால் பூஜை நடுவிலானாலும் இடம் மாறுங்கள்.

சாப்பாட்டைப் பற்றி நம்மவர்களுக்கு நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சமைப்பவர்கள் டைபாய்டு ஊசி போட்டிருக்க வேண்டும், அது மூன்று வருஷத்துக்குத்தான் செல்லும். சாதம் ஆக்கி நாலு மணி நேரத்துக்குள் பரிமாறிவிடுங்கள். ஆறிக் கிடந்த சாதத்தில் ஒரு கிருமி விஷம் உண்டாக்கும்; மறுபடி சூடாக்கினாலும் அந்த விஷம் போகாது.

கூட்டம் முடிந்து செருப்பு மாட்டும்போது, பின்வரிசையில் பேசாமல் இருந்த ஓர் அம்மா வந்தார். "ஆறு கக்கூஸு என் கணக்குல போட்டுக்குங்க. பேரு வேணாம், லைட்டு மட்டும் நல்லா எரியணும்." தலைவர் உடனே நாலு சேர்த்துக்கொண்டார். பழையதோடு பதினாலு ஆகிறது. லாரி தோட்டத்துப் பாதையின் மூன்றாவது வளைவில் திரும்புமா என்று அளக்க நாளைக் காலை பசியாறிவிட்டுப் போகிறோம். டேப் என்னிடம் இருக்கிறது.