காற்சட்டையைக் குற்றமாக்கிய ரோம்

கி.பி. 4ஆம் நூற்றாண்டின் இறுதியில் ரோம் நகருக்குள் காற்சட்டை போட்டு நடந்தால் சொத்து பறிமுதலாகும், ஆளையும் நாடு கடத்துவார்கள். பேரரசர் ஹொனோரியஸ் காலத்துச் சட்டம் அது. காற்சட்டை என்றால் காட்டுமிராண்டி என்ற எண்ணம் அங்கே அவ்வளவு ஊறியிருந்தது. இன்றைய பிரான்சின் தென்பகுதியை 'காற்சட்டைக்காரர் நாடு' என்றும், வடபகுதியை 'நீள்முடியர் நாடு' என்றுமே ரோமானியர் அழைத்தார்கள்.

உண்மையில் காற்சட்டை அறிவாளிகளின் கண்டுபிடிப்பு. சீனாவின் துர்ஃபான் அருகே யாங்ஹாய் கல்லறைகளில் சுமார் 3,000 ஆண்டுப் பழமையான கம்பளிக் காற்சட்டைகள் கிடைத்தன. துணியை வெட்டித் தைக்கவில்லை. இரு கால்களையும் தறியிலேயே அளவாக நெய்து, நடுவில் அகலமான துண்டை இணைத்திருக்கிறார்கள். குதிரைமேல் காலை விரித்து உட்கார்ந்தாலும் இறுக்காது, தொடை உராயாது.

ரோமானியரின் டோகாவோ அரைவட்டமான பெரிய கம்பளித் துணி. பிற்காலத்தில் அதன் நீளம் 5 மீட்டரைத் தாண்டியது. மடிப்பு சரியாமல் இருக்க இடக்கையை மடக்கியே வைத்திருக்க வேண்டும். அதை உடுத்திக்கொண்டு ஏர் பிடிக்க முடியாது, குதிரை ஏற முடியாது. எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது: உடலுழைப்பு தேவையில்லாதவரின் உடையே நாகரிகத்தின் அளவுகோலானது.

தூய்மைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ரோமானியர் எண்ணெய் பூசி, வளைந்த உலோகச் சுரண்டியால் அழுக்கை வழித்தார்கள். கொழுப்பும் சாம்பலும் சேர்ந்த சோப்பு, இன்றைய பிரான்ஸ் பகுதியில் வாழ்ந்த கோல் மக்களின் கண்டுபிடிப்பு என்று எழுதியவர் ரோமானியரான மூத்த பிளினிதான். யார் பார்க்கிறார் என்பதைப் பொறுத்தும் இது மாறும். சட்டை போட்ட யவனர், அதாவது கிரேக்கரும் ரோமானியரும், நம் முல்லைப்பாட்டுப் புலவருக்கு 'மெய்ப்பை புக்க வெருவருந் தோற்ற'த்தவர்: சட்டைக்குள் புகுந்த, அச்சமூட்டும் தோற்றத்தவர்.

எல்லை மங்கும்போதுதான் அடையாளத்தின் மீது பிடிவாதம் கூடுகிறது. பேரரசர் டிராஜனின் போர் வெற்றிக்காக ரோமில் 113இல் எழுப்பிய தூணிலேயே ரோமானிய வீரர்கள் முழங்கால்வரை காற்சட்டை அணிந்திருக்கிறார்கள்; வடக்கின் குளிர் அப்படி. பிறகு ஜெர்மானியரே ரோமானியப் படைத்தளபதிகளானார்கள். யார் ரோமானியன் என்று பார்த்துச் சொல்ல முடியாத அந்தக் காலத்தில்தான் தடை வந்தது. 416இல் நீண்ட முடியையும் தோலாடையையும் நகரில் அடிமைகளுக்குக்கூட விலக்கினார்கள். அதற்கு 6 ஆண்டு முன்பு ரோமைக் கொள்ளையிட்ட அலாரிக் என்ற ஜெர்மானிய கோத் இன மன்னர், ஒரு காலத்தில் ரோமுக்காகவே போரிட்டவர்.