இன்ஜின் சத்தத்தைக் கேட்டுப் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்காதீர்கள்

சென்ற மாதம் கருங்கல் பக்கத்துத் தம்பி ஒருவர், நெய்யாற்றின்கரைக்கு அப்பால் வாங்கிய சிவப்பு நிற எம்.ஜி.பி. காரை லாரியில் ஏற்றி என் பட்டறைக்குக் கொண்டுவந்தார். வளைகுடாவில் பல ஆண்டுகள் உழைத்துச் சேர்த்த பணத்தில், சிறுவயதிலிருந்து ஆசைப்பட்ட இரண்டு இருக்கைத் திறந்த கார் அது. "அண்ணே, எல்லாம் பார்த்துத்தான் வாங்கினேன், இன்ஜின் மெக்கானிக்கையும் கூடவே அழைத்துப் போனேன், பிரேக்கை மட்டும் ஒருமுறை பார்த்துக் கொடுங்கள்" என்றார். முன் சக்கரத்திற்குப் பின்னால் ஜாக்கி வைத்துத் தூக்கினேன். சக்கரம் தரையை விட்டு எழவில்லை. ஜாக்கியின் தலைதான் காருக்குள் ஏறியது. திறந்து பார்ப்போம் என்று கதவின் கைப்பிடியைப் பிடித்தால், கதவு இறுகிக்கொண்டு அசையவில்லை. கதவுக்கு அடியில் ஓடும் பெட்டிச் சட்டத்தை, நாங்கள் சில் என்று சொல்லும் அந்தப் பகுதியை, அறுத்துப் பார்த்தபோது உள்ளே தகடே இல்லை. பழைய மலையாளச் செய்தித்தாள், அதன்மேல் கண்ணாடியிழைத் துணி, அதன்மேல் ஒரு விரல் கனத்திற்குப் பள்ளம் நிரப்பும் பட்டிப் பசை, அதன்மேல் பளபளக்கும் பெயிண்ட் என்று அடுக்கியிருந்தார்கள்.

இந்த ஆண்டில் இப்படி என் கண்முன் வந்த மூன்றாவது வண்டி அது. மூன்று பேரும் சொல்லிவைத்தாற்போல் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள்: "இன்ஜின் நன்றாக இருக்கிறது, அது போதாதா?" போதாது. எத்தனை முறை சொன்னாலும் இது மட்டும் நம் மக்களின் மனத்தில் ஏற மறுக்கிறது என்பதால், கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

இன்ஜின்தான் வண்டியின் உயிர் என்னும் எண்ணம் நமக்கு லாரி, ஜீப், அம்பாசடர் காலத்திலிருந்து வந்தது. லாரிக்கும் ஜீப்புக்கும் அடியில் தனியாகக் கனத்த சேஸிஸ் என்னும் இரும்புச் சட்டம் உண்டு. மேலே இருக்கும் தகடு ஓட்டையானாலும் வண்டி ஓடும். 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டனில் உருவான எம்.ஜி.பி.க்கு அப்படி ஒரு சேஸிஸ் கிடையாது. அதற்கு முந்தைய எம்.ஜி.ஏ.க்கு இருந்தது, இதற்கு இல்லை. மெல்லிய தகடுகளை மடித்துப் பெட்டிகளாக வெல்டிங் செய்த பாடியேதான் இதன் எலும்பும். அதிலும் கூரையில்லாத கார் என்றால், முன் பாதியையும் பின் பாதியையும் பிடித்து நிறுத்துபவை முக்கியமாகக் கதவுகளுக்கு அடியில் உள்ள இரண்டு சில்களும் நடுவே கியர்பாக்ஸ் மேடும்தான். சில் துருப்பிடித்தால் கார் நடுவில் தொய்கிறது, வளைவில் முறுக்கிக்கொள்கிறது, பக்கவாட்டில் இடி வாங்கினால் உள்ளே இருப்பவரைக் காக்க எதுவும் இல்லை. இன்ஜினைக் கழற்றி இறக்கிப் புதுப்பிக்கலாம், அதற்கு ஒரு கணக்கு உண்டு. இங்கிலாந்தில் இன்றும் அதன் உதிரி பாகங்கள் கிடைக்கின்றன. பாடி வேலைக்குக் கணக்கே கிடையாது. ஒரு தகட்டை அறுத்தால் அடுத்த தகடும் துரு என்று தெரியும். இந்தத் தம்பியின் வண்டியில் செலவு வாங்கிய விலையின் பாதியை இப்போதே தாண்டிவிட்டது.

அப்படியானால் எதைப் பார்ப்பது? முதலில் எட்ட நின்று கதவின் இடைவெளிகளைப் பாருங்கள். தொய்ந்த காரில் கதவின் மேல்பக்க இடைவெளி நெருங்கியும் அடிப்பக்கம் விரிந்தும் இருக்கும். பிறகு உரிமையாளரின் அனுமதியோடு முன் சக்கரத்திற்குச் சற்றுப் பின்னால், அடிச் சட்டத்தில் மரக்கட்டை வைத்து ஜாக்கியால் தூக்கிவிட்டு, அந்தப் பக்கக் கதவைத் திறந்து மூடுங்கள். இறுகினால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். ஜாக்கி வைக்க உரிமையாளர் சம்மதிக்கவில்லை என்றாலும் முடித்துக்கொள்ளுங்கள்.

பழைய பனியன் துணியில் சுற்றிய சிறு காந்தம் ஒன்று கையில் இருக்கட்டும். சில், சக்கர வளைவு, முன் மட்காடின் அடிப்பகுதி, டிக்கியின் தரை என்று நகர்த்திப் பாருங்கள். நழுவி விழும் இடத்தில் பட்டி இருக்கிறது. தொடக்க கால எம்.ஜி.பி.க்களின் பானெட் அலுமினியம், அங்கே காந்தம் ஒட்டாததற்குப் பயப்பட வேண்டாம். கோவாவில் தயாரான சான் ஸ்டார்ம் போன்ற கண்ணாடியிழை வண்டிகளில் காந்தம் பயன்படாது; அடியில் உள்ள இரும்புச் சட்டத்தைத்தான் படுத்துப் பார்க்க வேண்டும். படுத்துப் பாருங்கள் என்று நான் சொல்வதை யாரும் செய்வதில்லை. வெள்ளை வேட்டியில் போய் நிற்கிறார்கள். ஒரு பழைய கைலியும் ஒரு டார்ச்சும் எடுத்துச் செல்ல என்ன தடை? அடியில் புதிதாகக் கறுப்பு அண்டர்கோட்டிங் என்னும் துருத் தடுப்புப் பூச்சு அடித்திருந்தால் மகிழ வேண்டாம், சந்தேகப்படுங்கள். கார்ப்பெட்டைத் தூக்குங்கள். ஈரமும் மக்கல் வாடையும் இருந்தால், தரைத் தகட்டைத் திருப்புளியின் பிடியால் தட்டிக் கேளுங்கள். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும்.

தொழில் செய்யும் தம்பிகளுக்கு இங்கே ஒரு வார்த்தை. பழைய சில்லை அறுக்காமல் அதன்மேல் புதுத் தகட்டைப் போர்த்தி வெல்டிங் செய்து கொடுப்பது வேலையே அல்ல. கதவு வாசலுக்குக் குறுக்கே குழாய் வெல்டிங் செய்து நிறுத்திய பிறகே அறுக்க வேண்டும். இல்லையென்றால் வளைந்த வண்டி வளைந்தபடியே நிலைத்துவிடும். அதற்கப்புறம் எந்தக் கதவும் பொருந்தாது.

நம் ஊரில் இது ஏன் இவ்வளவு மோசம் என்று தனியே விளக்க வேண்டியதில்லை. குமரி மாவட்டத்திற்கு இரண்டு பருவமழையும் உண்டு, விழிஞ்ஞம் முதல் குளச்சல் வரை உப்புக்காற்றும் உண்டு. ஆண்டுக்கணக்கில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்த கார் பாதுகாப்பாக இருந்தது என்று விற்பவர் சொன்னால் நம்பாதீர்கள். உள்ளே வியர்த்து வியர்த்து அழுகியிருக்கும்.

கூரையை அறுத்து ஸ்போர்ட்ஸ் கார் என்று விற்கப்படும் ஸ்டாண்டர்டு ஹெரால்டுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1961 முதல் சென்னையில் தயாரான அந்தக் காருக்குத் தனிச் சேஸிஸ் உண்டு என்பதால் கூரை போனாலும் ஓடும் என்பது உண்மைதான். ஆனால் பதிவுச் சான்றிதழில் இல்லாத மாற்றத்தைச் செய்த வண்டி மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுக்கு எதிரானது. வாங்கிய பிறகு வழக்கும் உங்களுடையதே. இன்னொன்று உயிரோடு தொடர்புடையது. ஹெரால்டிலும் அதன் சேஸிஸ் வழியில் வந்த டிரையம்ப் ஸ்பிட்ஃபயரிலும், முன் சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டு அடியில் ட்ரன்னியன் என்னும் வெண்கலக் கட்டைக்குள் மரையில் திரும்புகிறது. அதற்கு 90 கியர் ஆயில்தான் விட வேண்டும். நம் பட்டறைகளில் பழக்க தோஷத்தில் கிரீஸ் ஏற்றிவிடுகிறார்கள். கிரீஸ் மரை முழுக்கப் போய்ச் சேராது. உள்ளே துருவேறிய தண்டு ஒருநாள் திருப்பத்தில் ஒடிந்து சக்கரம் மடங்கிவிடும். என்ன விட்டீர்கள் என்று விற்பவரிடம் கேளுங்கள். கிரீஸ் என்று பதில் வந்தால், கழற்றிப் பார்க்காமல் ஓட்டாதீர்கள்.

இன்ஜினைப் பார்க்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நீங்கள் போகும்போது அது குளிர்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். முன்பே சூடாக்கி வைத்த இன்ஜின் தன் குறையை மறைத்துவிடும் என்பதால், சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று திரும்பிவிடுங்கள். நீலப் புகை, ஆயில் மூடியில் பால்காப்பி நிறக் குழம்பு, ரேடியேட்டரில் எண்ணெய்ப் படலம் ஆகியவை இருக்கின்றனவா என்று பாருங்கள். எம்.ஜி.பி.யில் நன்றாகச் சூடான பின்னும் ஓட்டத்தில் ஆயில் அழுத்தம் 50 பி.எஸ்.ஐ. அளவில் நிற்க வேண்டும். டயரின் பக்கத்தில் உள்ள நான்கு இலக்கத்தில் முதல் இரண்டும் அது தயாரான வாரத்தையும், பின் இரண்டும் ஆண்டையும் காட்டும். பள்ளம் ஆழமாக இருந்தாலும் பத்து ஆண்டு கடந்த டயரைக் கழித்துக் கணக்கிடுங்கள். பெட்ரோல் ஹோஸ்களை வாங்கிய வாரத்திலேயே மாற்றுங்கள். இன்று பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. அந்தக் காலத்து ரப்பர் அதைத் தாங்காமல் வெடித்து, சூடான சைலன்ஸர் குழாய்மேல் ஒழுகும்.

எல்லையில் வாழும் நாம் காகிதத்தில்தான் அதிகம் ஏமாறுகிறோம். பாறசாலையின் கே.எல். 19க்கும் மார்த்தாண்டத்தின் டி.என். 75க்கும் இடையே சில கிலோமீட்டர்தான் என்பதால், பெயர் மாற்றாமலே ஓட்டலாம் என்று நினைக்கிறார்கள். கேரளப் பதிவு அலுவலகத்தின் தடையில்லாச் சான்று, படிவம் 28, கைக்கு வராமல் முழுப் பணம் கொடுக்காதீர்கள். படிவம் 29, 30இல் கையெழுத்திடுபவரும் பதிவுச் சான்றிதழில் உள்ளவரும் ஒருவரேயா என்று பாருங்கள். இறந்துபோன அப்பாவின் பெயரில் உள்ள வண்டியை மகன் விற்கும் கதை இங்கே நிறைய. வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் புதுப் பதிவெண் வாங்கியே ஆக வேண்டும். முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த காரை 2021ஆம் ஆண்டு விதிகளின்படி வின்டேஜ் வாகனமாக வி.ஏ. வரிசையில் பதியலாம், ஆனால் அதை அன்றாடப் பயணத்துக்கு ஓட்ட முடியாது என்பதையும் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். சேஸிஸ் எண்ணை நீங்களே பென்சிலால் தேய்த்துப் படியெடுங்கள். எண் தகட்டின் ரிவெட் மட்டும் புதிதாக மின்னினால் விலகிவிடுங்கள்.

வரும் சனிக்கிழமை குழித்துறைக் குடும்பம் ஒன்று திருவனந்தபுரத்தில் ஒரு ஸ்பிட்ஃபயரைப் பார்க்கப் போகிறது. முன்பணத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு வரும்படி அவர்களிடம் கெஞ்சிக் கேட்டிருக்கிறேன். காலை ஏழு மணிக்கு ஜாக்கியும் காந்தமும் பழைய கைலியுமாக நானும் வருகிறேன். நான் போய்ச் சேரும்வரை வண்டியை ஸ்டார்ட் செய்யக் கூடாது என்று விற்பவருக்கும் சொல்லி அனுப்பியாயிற்று.