மாரியில் வட்டம், கோடையில் நீளம்

கடந்த ஆவணியில் கரும்பலகையில் நான் வரைந்த பூனையை நான்கரை வயதுச் சிறுமி ஒருத்தி ஏற்றுக்கொள்ளவில்லை. பெரிய வட்டம், அதன் ஓரத்தில் சின்ன வட்டம், இரண்டு காது, சுற்றி வளைந்த வால். முன்பள்ளிக்கு வந்த நாள் முதல் நான் வரைந்துவரும் தூங்கும் பூனை அதுதான். "எங்கள் பூனை இப்படிப் படுக்காது, ரீச்சர்" என்றாள். பிறகு கடதாசியின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நீளமாக ஓர் உடம்பை இழுத்து, அதில் நான்கு கால்களையும் ஒரே பக்கமாக ஒட்டினாள். முருங்கைக்காய்க்குக் கால் முளைத்தது போல இருந்தது. சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

அன்று பின்னேரம் வீட்டுக்குப் போனால், எங்கள் பூனை விறாந்தைச் சீமெந்துத் தரையில் அச்சாக அந்த முருங்கைக்காய் போலவே கிடந்தது. கிளிநொச்சியில், இரணைமடுக் குளத்துக்குக் கீழே, கச்சான் காற்று புழுதியை வாரி அடிக்கும் மாதங்களில், எந்தப் பூனை சுருண்டு படுக்கும்? உடம்புச் சூடு வெளியேறாமல் இருக்கவே அது சுருள்கிறது. குளிர்காற்றுப் படும் பரப்புக் குறைகிறது, வால் வந்து மூக்கை மூடிக்கொள்கிறது. மார்கழி மழையில் நெல் மூட்டைக்கு மேல் படுத்திருக்கும் பூனையைப் பாருங்கள், தலை எது வால் எது என்று தெரியாது. வெயில் காலத்தில் அதே பூனை தன்னை விரித்துப் போட்டுச் சூட்டை விடுகிறது. நான் கற்பித்தது மாரிகாலத்துப் பூனை. கற்பித்த மாதம்தான் பிழை.

அதன் பிறகு படம் வரையும் நாளுக்கு முதல்நாளே பிள்ளைகளிடம் ஒரு வேலை சொல்லி அனுப்புகிறேன்: வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ பூனை எங்கே படுத்திருக்கிறது என்று பார்த்து வரவேண்டும். கோழி ஓரிடத்தில் நிற்காது, நாய் நம்மைக் கண்டதும் எழுந்து வாலாட்டும். பூனையோ ஒரு நாளில் 12 முதல் 16 மணித்தியாலம் தூங்கும். இப்படிப் பொறுமையாகக் கிடக்கும் மாதிரி வேறு எங்கே கிடைக்கும்? பார்க்க மட்டும்தான், தொடக்கூடாது. தூக்கத்தில் தொட்டால் எந்தச் சாதுப் பூனையும் பிறாண்டும். அப்படிப் பிறாண்டினாலோ கடித்தாலோ மஞ்சள் பூசிவிட்டு இருக்க வேண்டாம். சவர்க்காரம் போட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். விசர்நோய் நாயிடமிருந்து மட்டும் வருவதல்ல. அரசாங்க வைத்தியசாலையில் தடுப்பூசி இலவசம்.

மறுநாள் கடதாசியை உடனே கொடுப்பதில்லை. பாயை விரித்து, "உங்கள் பூனை போலப் படுத்துக் காட்டுங்கள்" என்கிறேன். முழங்கால் நாடியைத் தொடும்படி சுருண்டு படுத்த பிள்ளைக்கு முதுகு வளைவது உடம்பிலேயே தெரிந்துவிடுகிறது. பிறகு குளத்துக் களிமண்ணில் ஒரு திரி உருட்டிச் சுருட்டுவோம். அதற்கும் பிறகுதான் பென்சில். அழிறப்பரை மேசை இலாச்சிக்குள் வைத்துவிடுவேன், அது கையில் இருந்தால் சில பிள்ளைகள் படத்தை விட்டுவிட்டு அழிப்பதையே தொழிலாக்கிக்கொள்கிறார்கள்.

பெற்றோர் என்னிடம் அதிகம் முறையிடுவது காதைப் பற்றித்தான். மூன்று வயதளவில் பிள்ளை வட்டத்தைப் பார்த்து வரையும். நான்கில் கூட்டல் குறி வரும், ஐந்தையொட்டிச் சதுரம் வரும். முக்கோணம் பெரும்பாலும் ஐந்துக்குப் பிறகுதான். ஆகவே நாலு வயதுப் பிள்ளை வரையும் பூனைக்கு முக்கோணக் காதுக்குப் பதில் சீப்புப் பல்லும் மாட்டுக் கொம்பும் முளைப்பதில் குறையொன்றும் இல்லை. "கையைப் பிடித்து ஒருக்கால் காட்டிவிடுங்கள், ரீச்சர்" என்று ஓர் அம்மம்மா கேட்டார். ஏடு தொடக்கும் நாளில் பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில் 'அ' எழுதுவிக்கிறோம், அது சடங்கு, அழகானது. ஆனால் நாள்தோறும் ஏடு தொடக்கிக்கொண்டிருக்க முடியாதே. பிடித்த கையை விட்டதும் பிள்ளை என்னைத்தான் பார்க்கிறது, பூனையைப் பார்ப்பதில்லை.

கண் இன்னும் சுவாரசியம். தூங்கும் பூனைக்கு முக்கால்வாசிப் பிள்ளைகள் கண்ணைத் திறந்தே வைப்பார்கள். உடம்புக்கு அடியில் மறைந்திருக்கும் நான்கு கால்களையும் வெளியே இழுத்துப் போடுவார்கள். கண்ணுக்குத் தெரிவதை விட்டு, தங்களுக்குத் தெரிந்ததைப் பிள்ளைகள் வரைகிறார்கள் என்று பிரெஞ்சு அறிஞர் லுக்கே 1927ஆம் ஆண்டிலேயே விளக்கியிருக்கிறார். ஒரு பிள்ளையைப் படுக்கவைத்துக் கண்ணை மூடச் சொல்லி மற்றவர்களைப் பார்க்கவைத்தால் சிலர் கண்ணை வளைந்த கோடாக மாற்றுகிறார்கள். ஒருவன் மாற்ற மறுத்தான். "தூங்குவது போல நடிக்கிறது" என்றான். அதற்கு மேல் நான் பேசவில்லை.

நான் அதிகம் தடுமாறியது வேறோர் இடத்தில். ஒரு பையன் மூன்று அடுப்புக் கற்களுக்கு நடுவே பூனையைப் படுக்கவைத்திருந்தான். அடுப்பில் பூனை உறங்கும் வீடு என்றால் நம் ஊரில் என்ன பொருள் என்று சொல்லவேண்டியதில்லை. எனக்கு நெஞ்சு கனத்தது. அவனிடம் ஒரு வார்த்தையும் கேட்காமல், இரண்டு நாள் அவன் கோப்பையில் அவித்த பயறு ஒரு கரண்டி கூடுதலாகப் போட்டேன். மூன்றாம் நாள் தாயார் வந்தபோது, சுற்றி வளைத்து, வீட்டில் சமையல் எப்படி என்று விசாரித்தேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. 2022 இல் காஸ் இல்லாமல் விறகடுப்பு மூட்டியபோது போட்ட கற்கள் அவை. இப்போது சிலிண்டர் வந்துவிட்டது, கற்களை எடுக்க யாருக்கும் நேரமில்லை, பூனை குடியேறிவிட்டது.

இன்னொரு வீட்டில் அந்தப் படம் வேறு கதை சொல்லக்கூடும். அதனால் இப்போது படத்தைப் பார்த்துக் குறி சொல்வதை நிறுத்திவிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து, "பூனை ஏன் அங்கே படுத்திருக்கிறது?" என்று கேட்கிறேன். அந்தப் பையனிடமும் பிந்தியாவது கேட்டேன்.

"சாம்பல் மெத்தென்று இருக்கும், ரீச்சர்" என்றான். பிறகு, இன்றைக்கு ஏன் பயறு குறைவு என்று அவன் என்னைக் கேட்டான்.