பச்சை விளக்குக்குத் தெரியாதது: ராட்டினப் பூட்டு வேலை செய்யும் விதம்

ரோலர் கோஸ்டர் தலைகீழாக வட்டமடிக்கும்போது இருக்கையின் பூட்டுக் கம்பிதான் நம்மைப் பிடித்திருக்கிறது என்று பலர் நம்புகிறார்கள். வேகம் போதுமானதாக இருந்தால் வட்டத்தின் உச்சியில்கூட உடல் இருக்கையோடுதான் அழுந்தும். 1976இல் கலிபோர்னியாவின் மேஜிக் மவுன்டன் பூங்காவில் திறக்கப்பட்ட 'கிரேட் அமெரிக்கன் ரெவல்யூஷன்' முழு வட்டம் அடித்தது. அதில் ஆரம்பத்தில் இருந்தது மடிமேல் இறங்கும் லேப் பார் மட்டுமே.

கம்பிக்கு உண்மையான சோதனை, பார்க்கச் சாதுவாக இருக்கும் மேட்டில்தான். 20 மீட்டர் ஆரமுள்ள ஒரு மேட்டு உச்சியை வண்டி நொடிக்கு 18 மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்கு 65 கிலோமீட்டரில் கடக்கிறது என்று கொள்வோம். அந்த வளைவிலேயே நீடிக்க, கீழ்நோக்கி 16.2 மீ/நொடி² முடுக்கம் வேண்டும். புவியீர்ப்பு தருவது 9.8 மட்டும். மீதி 6.4ஐக் கம்பிதான் தந்தாக வேண்டும். 70 கிலோ எடையுள்ளவர் அந்தக் கணத்தில் சுமார் 46 கிலோ எடைக்குச் சமமான விசையோடு கம்பியை மேல்நோக்கித் தள்ளுகிறார். கைப்பிடியை இறுகப் பற்றி இதைச் சமாளிக்க முடியாது. கைகள் பிடிப்பது மனதைரியத்துக்கு, அவ்வளவுதான்.

இந்த விசையைத் தாங்க வேண்டியது தொடையும் இடுப்பும் சேரும் மடிப்பு. அங்கே கீழே எலும்பு இருக்கிறது, அது நசுங்காது. வயிறு அப்படியல்ல. கம்பி வயிற்றில் முட்டி நின்றுவிட்டால் இறுக்கமாக இருப்பதாகத்தான் தோன்றும். ஆனால் தொடைக்கும் கம்பிக்கும் நடுவே நாலைந்து விரல் இடைவெளி இருக்கும். உடல் மேலே எழும்பும்போது வயிறு அமுங்கிக் கொடுக்கும், இடுப்பு அந்த இடைவெளிக்குள் நகரத் தொடங்கும்.

பூட்டும் முறை இரண்டு வகை. பழையது, பல்லும் நாக்கும் கொண்ட ராட்செட். ஒவ்வொரு பல்லைத் தாண்டும்போதும் 'டக்' என்று ஒலிக்கும், கம்பி இரண்டு பற்களுக்கு நடுவே நிற்காது. புதியது ஹைட்ராலிக் சிலிண்டர். எண்ணெய் ஒருவழி வால்வு வழியே ஒரு பக்கம் மட்டும் போகும். அதனால் கம்பி கீழே இறங்கும், எந்த நிலையில் விட்டாலும் அங்கேயே நிற்கும், மேலே வராது. வேகமான ராட்டினங்களில் ஒரே இருக்கைக்கு இரண்டு பூட்டுகள் இருக்கும். ஒன்று கசிந்தாலோ உடைந்தாலோ மற்றது தனியாகத் தாங்கும். இரண்டு வகைக்கும் பொதுவான விதி: பூட்டியிருக்க மின்சாரம் தேவையில்லை, திறக்கத்தான் ஏதாவதொரு ஆற்றல் வேண்டும். அந்த ஆற்றலும் வழக்கமாக நிலையத்தில்தான் கிடைக்கும். நடுவழியில் கரண்ட் போனால் கம்பி திறந்துகொள்ளும் என்ற பயம் வீண்.

எல்லா ராட்டினத்துக்கும் இத்தனை ஏற்பாடு தேவையில்லை. அமெரிக்காவின் ஏஎஸ்டிஎம் எஃப்2291 தரநிலை, உடல் எந்தத் திசையில் எவ்வளவு தள்ளப்படுகிறது என்பதை வைத்து ஐந்து வகுப்புகள் பிரித்திருக்கிறது. முதல் வகுப்புக்குப் பூட்டே வேண்டாம். ஐந்தாம் வகுப்பில் ஒவ்வொருவருக்கும் தனிப் பூட்டு, மாற்றுப் பூட்டு, பூட்டியதை வெளியே காட்டும் குறிகாட்டி (பச்சை விளக்கு போன்றது) எல்லாம் கட்டாயம்.

சிக்கல் இந்தக் குறிகாட்டியில்தான். கம்பியின் அச்சருகே ஒரு சென்சார் இருக்கும். கம்பி குறைந்தபட்ச அளவுக்குக் கீழே இறங்கியதும் ஓர் உலோகத் துண்டு அதன் எதிரே வந்து நிற்கும். எல்லா இருக்கைகளும் 'சரி' என்று சொன்னால்தான் கட்டுப்பாட்டுக் கணினி வண்டியைக் கிளப்ப விடும். ஆக, சென்சாருக்குத் தெரிவது கம்பியின் கோணம் மட்டுமே. அதன் அடியில் இருப்பது தொடையா, தொந்தியா, ஒளித்து வைத்த கைப்பையா என்பது அதற்குத் தெரியாது.

2022 மார்ச் 24 அன்று அமெரிக்காவின் ஆர்லாண்டோவில், 430 அடி உயர 'ஃப்ரீஃபால்' கோபுரத்திலிருந்து 14 வயதுச் சிறுவன் விழுந்து இறந்தான். தோள்மேல் இறங்கும் பூட்டான ஹார்னஸ் பூட்டித்தான் இருந்தது, விளக்கும் சரி என்றே காட்டியது. தயாரிப்பாளர் வகுத்த உச்ச எடை 130 கிலோ. சிறுவனின் எடை அதைவிட மிக அதிகம். அந்த இருக்கையின் சென்சார் கையால் நகர்த்தப்பட்டிருந்தது பிறகு தெரியவந்தது. இருக்கைக்கும் ஹார்னஸுக்கும் நடுவே வழக்கத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு இடைவெளி இருந்தும் கணினி அதைப் பூட்டியதாக ஏற்றுக்கொண்டது. கீழே பிரேக் பிடித்தபோது, உடல் அந்த இடைவெளி வழியே நழுவியது.

அதில் சீட் பெல்ட் இல்லை. ஹார்னஸையும் இருக்கையையும் கால்களுக்கு நடுவே இணைக்கும் அந்தச் சின்ன பெல்ட்டை வெறும் உபரிப் பூட்டாக நினைக்கக் கூடாது. அதன் நீளம் மாறாது. ஹார்னஸ் போதிய அளவு இறங்காவிட்டால் பெல்ட் எட்டாது, மாட்டவே முடியாது. சென்சார் பொய் சொன்னாலும் பெல்ட் சொல்லாது.

பயணிகள் செய்யும் தந்திரங்களும் இதே ஓட்டையைத்தான் பெரிதாக்குகின்றன. ஆபரேட்டர் அழுத்தும்போது மூச்சை இழுத்து வயிற்றை உப்புவது, முழங்காலைத் தூக்கி வைப்பது, முன்னால் சரிந்து உட்கார்ந்து பூட்டியபின் நிமிர்வது. ஆட்டம் அதிகம் கிடைக்கும் என்பது கணக்கு. கிடைப்பது என்னவோ தொடைக்கு மேலே காலி இடம். கைகளைத் தூக்குவதில் அவ்வளவு ஆபத்தில்லை. இருக்கையில் சரியாக உட்கார்ந்தவரின் கை எட்டும் தூரத்துக்கு வெளியேதான் தூண்களை அமைப்பார்கள். செல்ஃபி குச்சி அந்தக் கணக்கில் கிடையாது.

நம்மூர் கொலம்பஸ் ராட்டினம் போன்றவற்றில் பல இடங்களில் வரிசைக்கு ஒரே கம்பி. அது அந்த வரிசையிலேயே பருமனானவரின் தொடையில் முட்டி நின்றுவிடும். பக்கத்தில் உட்கார்ந்த ஏழு வயதுக் குழந்தைக்கு அது காற்றில் நிற்கும் கம்பி. குழந்தையை அப்பாவோடு உட்கார வைப்பது பாசத்தில் சரி, இயக்கவியலில் தப்பு. ஏற்றித்தான் ஆக வேண்டுமென்றால் ஒத்த உடல்வாகுள்ளவரோடு, ஆட்டம் குறைவான நடு வரிசைகளில் ஏற்றலாம்.

நுழைவாயிலில் 122 செ.மீ., 137 செ.மீ. என்று கோடு போட்டிருப்பதும் தைரியத்தை அளக்க அல்ல. தொடை நீளம், இடுப்பு அகலம், தோள் உயரம் ஆகியவற்றை அங்கேயே டேப் வைத்து அளக்க முடியாது என்பதால் உயரத்தை வைத்து ஊகிக்கிறார்கள். ஷூவுக்குள் துணி திணித்துக் கோட்டைத் தாண்டலாம், தொடை எலும்பு நீளாது. 2011இல் நியூயார்க் மாநிலத்தின் டேரியன் லேக் பூங்காவில், இரு கால்களையும் இழந்த முன்னாள் படைவீரர் ஒருவர் 'ரைடு ஆஃப் ஸ்டீல்' கோஸ்டரிலிருந்து விழுந்து இறந்தார். இரண்டு கால்களும் இருக்க வேண்டும் என்று விதி இருந்தது. பரிதாபப்பட்டோ சங்கடப்பட்டோ ஊழியர்கள் விதியைத் தளர்த்தும் இடங்களில் பூட்டுக்குப் பிடிக்க ஒன்றும் இருப்பதில்லை.

ஏறும்போது முதுகும் இடுப்பும் இருக்கையின் பின்பக்கம் ஒட்ட உட்காருங்கள். மூச்சை விட்டபிறகு கம்பியை நீங்களே இறக்குங்கள், பிறகு மேலே இழுத்துப் பாருங்கள். கம்பி அசைந்தாலோ, தொடைமேல் உள்ளங்கை தாராளமாக நுழைந்தாலோ, வண்டி நிலையத்தில் இருக்கும்போதே கையை உயர்த்தி ஆபரேட்டரைக் கூப்பிடுங்கள். போன் விழுந்தால் விழுந்ததுதான். 2015இல் ஒஹாயோவின் சிடார் பாயின்ட் பூங்காவில், தொலைந்த போனைத் தேடி 'ராப்டர்' கோஸ்டரின் வேலிக்குள் போனவர் வண்டி மோதி இறந்தார்.

வண்டி ஏற்றத்தின் நடுவே நின்றுபோனால் ஊழியர்கள் படியேறி வந்து, ஒவ்வொரு இருக்கையாகவோ வரிசையாகவோ தனிக்கருவியால் திறந்து இறக்குவார்கள். அரை மணி நேரம்கூட ஆகலாம். அதுவரை கம்பியோடு மல்லுக்கட்ட வேண்டாம், அது திறக்காது.