சாவிய ஆஃப் பண்ணாலும் நிக்காத இன்ஜின்: பாய்மரப் படகுக்கு எந்த சுவிட்ச் போடுறது?

ஊட்டி தலைகுந்தா பக்கம் மார்கழி காலைல புல்லெல்லாம் உறைபனி பூத்து வெள்ளையா கிடக்கும்போது பழைய டீசல் ஜீப்ப கிளப்பிப் பாத்தவங்களுக்கு ரெண்டு பழக்கம் கட்டாயம் இருக்கும். சாவிய ஒரு கட்டம் திருப்பி ஹீட்டர் பிளக் சூடாகுற வரைக்கும் மனசுக்குள்ள பத்து பதினஞ்சு எண்ணிட்டுதான் செல்ஃப் அடிப்பாங்க. நிறுத்துறப்ப சாவிய ஆஃப் பண்ணா மட்டும் போதாது, டேஷ்போர்டுக்கு கீழ இருக்கிற குமிழப் பிடிச்சு இழுக்கணும், இல்லன்னா அது பாட்டுக்கு கடகடன்னு ஓடிட்டே இருக்கும். எங்க கேரட் லோடு ஜீப்பும் அந்த ரகம்தான், புதுசா வர்ற டிரைவர் ஒவ்வொருத்தரும் சாவிய கையில வச்சுக்கிட்டு ஓடுற வண்டியப் பாத்து முழிப்பாங்க.

போன வாரம் கொச்சில படகு வேலை பாக்குற சித்தப்பா பையன் போன் பண்ணான். "அண்ணா, பாய்மரப் படகு ஒண்ணு வந்திருக்கு, உள்ள சின்ன டீசல் இன்ஜின், சாவி போடுற இடம் உப்புல அரிச்சுப் போச்சு, ஓனர் கார் மாதிரி புஷ் பட்டன் கேக்குறாரு, என்ன போடலாம்?" கடல் மட்டத்துல இருந்து 2,240 மீட்டர் மேல உக்காந்திருக்கிறவன்கிட்ட கேக்குற கேள்வியாடான்னு சிரிச்சேன், ஆனா யோசிச்சா அதுல தப்பே இல்ல, ஏன்னா அந்த மாதிரி படகு இன்ஜின் நிறைய டிராக்டர், ஜெனரேட்டருக்குன்னு செஞ்ச இன்ஜின்தான், குபோட்டா இன்ஜின வாங்கி கடல் தண்ணில கூலிங் ஆகுற மாதிரி மாத்தி விக்கிற கம்பெனிகளே இருக்கு.

மொதல்ல சாவி போடுற அந்த இக்னிஷன் சுவிட்ச்ங்கிற பேரே டீசலுக்கு பொருந்தாது. பெட்ரோல் இன்ஜின்ல பிளக்குல பொறி வரணும், சாவிய ஆஃப் பண்ணா பொறி நின்னு இன்ஜினும் நின்னுரும். டீசல்ல பொறியே கிடையாது, காத்த இருபது பங்குல ஒரு பங்கா அமுக்குறப்ப அது 500 டிகிரிக்கு மேல சூடாகும், அதுல டீசல பீச்சினா தானா பத்திக்கும். பழைய மாடல்ல டீசல் பீச்சுற பம்பும் மெக்கானிக்கல்தான், அதனால ஒரு தடவ ஓட ஆரம்பிச்சா பேட்டரியே வேண்டாம். நிறுத்தணும்னா டீசல நிறுத்தணும். (கம்ப்யூட்டர் வச்ச புது காமன் ரெயில் இன்ஜின் கதை வேற, அது கரன்ட் இல்லாம ஓடாது.)

அப்போ சாவி என்னதான் பண்ணுது? மீட்டர், அலாரம், ஹீட்டர் பிளக்குக்கு கரன்ட் குடுக்குது, செல்ஃப் மோட்டாருக்கு சிக்னல் குடுக்குது, அவ்ளோதான். இத புரிஞ்சுக்கிட்டா சாவியா பட்டனாங்கிறது பெரிய விஷயமே இல்ல, தண்ணி தெளிக்கிற இடத்துல இருக்கிறதால ரப்பர் மூடி போட்ட பட்டன்தான் என் ஓட்டு, சாவி ஓட்டைக்குள்ள உப்புத்தண்ணி எறங்குனா உள்ள ஸ்பிரிங் மாட்டிக்கும், ஸ்டார்ட்லயே நின்னுச்சுன்னா இன்ஜின் ஓடுறப்பவும் செல்ஃப் சுத்தி கருகிரும்.

உண்மையான வில்லன் ஒயர். அவன் சொன்ன கம்ப்ளைன்ட் நமக்கும் தெரிஞ்சதுதான், பேட்டரி ஃபுல் சார்ஜ், ஆனா சாவியத் திருப்புனா "டக்"னு ஒரு சத்தம், செல்ஃப் எடுக்கல. செல்ஃப் மேல இருக்கிற சொலினாய்டு (செல்ஃபுக்கு கரன்ட்ட இணைக்கிற காந்த சுவிட்ச்) இழுக்குற நேரத்துல சுமார் 30 ஆம்பியர் கேக்கும்னு வைங்க. படகுல பேனல் ஒரு இடம், இன்ஜின் இன்னொரு இடம், போக வர 10 மீட்டர் ஒயர். 2.5 ஸ்கொயர் எம்எம் செம்பு ஒயர்னா அதோட தடை 0.07 ஓம் கிட்ட, 30ஆல பெருக்குனா 2 வோல்ட்டுக்கு மேல ஒயர்லயே காலி. கூட உப்புக்காத்துல பச்சை பூத்த கனெக்டர் ரெண்டு மூணு சேந்தா சொலினாய்டுக்கு போய்ச் சேர்றது பாதி உசுருதான். இதுக்கு சாவிய பட்டனா மாத்தி மட்டும் பிரயோஜனம் இல்ல, இன்ஜின் பக்கத்துல ஒரு ரிலே, அதாவது சின்ன கரன்ட்ல பெரிய கரன்ட்ட இணைக்கிற சுவிட்ச், வச்சா போதும், ரிலே காயிலுக்கு 0.15 ஆம்பியர் மாதிரிதான் வேணும், அந்த நீள ஒயர்ல அப்போ இழக்குறது 0.01 வோல்ட், பெரிய கரன்ட் பேட்டரில இருந்து குட்டை ஒயர்ல நேரா போயிரும்.

அடுத்தது நிறுத்துறது. எலக்ட்ரிக் ஸ்டாப் வேணும்னா ரெண்டு வகை, கரன்ட் குடுத்தா நிக்கிறது ஒண்ணு, கரன்ட் போனா நிக்கிறது ஒண்ணு. ரெண்டாவது ஜெனரேட்டருக்கு நல்லது. படகுக்கு வேணாம்னு சொன்னேன், துறைமுக வாசல்ல பாறை பக்கத்துல ஒரு ஃபியூஸ் போனா இன்ஜினும் படுத்துரும். எங்க ஜீப்புல இருக்கிற மாதிரி ஒரு கேபிளும் சிவப்பு குமிழும் போதும். நிறுத்துனதுக்கு அப்புறம்தான் பேனல ஆஃப் பண்ணணும், ஓடுறப்ப மெயின் பேட்டரி சுவிட்சத் தொடவே கூடாது, பேட்டரிய சார்ஜ் பண்ற ஆல்டர்னேட்டர் குடுக்குற கரன்ட்டுக்கு போக்கிடம் இல்லாம வோல்ட்டேஜ் எகிறி அதுக்குள்ள இருக்கிற டையோடு போயிரும்.

மலைல நமக்கு இல்லாத ஒரு ஆபத்து அவன்கிட்ட இருந்துதான் தெரிஞ்சுக்கிட்டேன். குளிர்ல நம்ம ஸ்டார்ட் ஆகாத வண்டிய செல்ஃப் மேல செல்ஃப் அடிப்போம்ல, படகுல அப்படி அடிச்சா ஒவ்வொரு சுத்துக்கும் கூலிங் பம்பு கடல் தண்ணிய சைலன்சருக்குள்ள ஊத்திட்டே இருக்கும், இன்ஜின் பத்திக்காததால அத வெளிய தள்ள புகையோட அழுத்தம் இருக்காது, தண்ணி நிரம்பி பின்னாடி சிலிண்டருக்குள்ளயே ஏறிரும். ரெண்டு மூணு தடவ எடுக்கலன்னா கடல் தண்ணி வால்வ மூடிட்டுதான் மறுபடி அடிக்கணுமாம், ஓட ஆரம்பிச்ச உடனே தெறந்துரணும்.

பெட்ரோல் இன்ஜினா இருந்தா கேள்வியே வேற, ஆவி காத்த விட கனம், படகு அடில தேங்கும், மொதல்ல 4 நிமிஷம் ஃபேன் போட்டு வெளியேத்திட்டு, பொறி வெளிய வராத மாதிரி மூடுன சுவிட்சத்தான் போடணும்.

ரிலே, ரப்பர் பட்டன், சிவப்பு குமிழ்னு எல்லாம் மாட்டிட்டு நேத்து போன் பண்ணான். ஒரே அமுக்குல எடுத்துருச்சாம். ஆனா அதுக்கு முன்னாடி பேனல் ஆன் பண்ண உடனே அலாரம் கத்தவும் ஓனர் பதறி ஆஃப் பண்ணச் சொல்லிட்டாராம். இன்ஜின் ஓடாதப்ப ஆயில் பிரஷர் கிடையாது, அதனால கத்தணும், ஆன் பண்ணியும் கத்தலன்னாதான் கெளம்பக்கூடாதுன்னு அவர்கிட்ட சொல்லச் சொன்னேன்.